பக்கவாதம்: உயிரைக் காப்பது எந்த மருத்துவமனை?

நோயாளிகளை நலம் விசாரிக்கப் போவது பள்ளிவாசலில் பணியாற்றும் எங்களைப் போன்றவர்களின் வழக்கமான வேலைகளில் ஒன்று. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களின் வீடுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியங்கள் இரண்டு. ஒன்று: "ராத்திரி கை மரத்த மாதிரி இருக்குன்னு சொன்னாங்க ஹஜ்ரத். காலையில பாத்துக்கலாம்னு இருந்துட்டோம்." மற்றொன்று: "உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போனோம். அங்க ஸ்கேன் இல்ல, டாக்டரும் இல்ல. ரெண்டு மணி நேரம் கழிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க."

முதல் குடும்பம் நேரத்தை இழந்தது. இரண்டாவது குடும்பம் தாமதிக்கவில்லை. ஆனால் போன இடம் சரியில்லை. மாரடைப்பு என்றால் எங்கே ஓட வேண்டும் என்பது இன்று பலருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கவாதத்துக்கு அந்தத் தெளிவு இன்னும் வரவில்லை. "வாதம்தானே, உயிருக்கு ஒன்றும் ஆகாது" என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. உண்மையில் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் பக்கவாதத்தால் இறக்கிறார்கள்.

நான் மருத்துவன் அல்லன். ஆனால் பக்கவாத நோயாளிகளில் யார் பிழைக்கிறார்கள், ஏன் பிழைக்கிறார்கள் என்று கடந்த 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் மருத்துவர்கள் ஆய்வு செய்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகள் சொல்லும் முடிவு சாதாரணக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடியது. அதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இரண்டு வகை, இரண்டு சிகிச்சை

மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய் ரத்தக்கட்டியால் அடைபட்டால் அது ஒரு வகை. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்தால் அது இன்னொரு வகை. பெரும்பாலான பக்கவாதங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கையோ காலோ விழுந்துவிடும், பேச்சு குழறும். எந்த வகை என்பதை அனுபவமுள்ள மருத்துவராலும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன்தான் சொல்லும்.

இது ஏன் முக்கியம் என்றால், ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆபத்தாக முடியும். அடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுகிறார்கள். ரத்தக் கசிவு உள்ளவருக்கு அதே ஊசியைப் போட்டால் கசிவு கூடிவிடும். ஆகவே "முதலில் ஒரு ஆஸ்பிரின் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகலாம்" என்று வீட்டில் எவரும் முடிவு செய்யக் கூடாது. பிரஷர் மாத்திரையை நாக்கின் அடியில் வைப்பதும் கூடாது. அடைப்பு ஏற்பட்ட நேரத்தில் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால், மூளைக்குப் போகும் கொஞ்சநஞ்ச ரத்தமும் குறைந்துவிடும்.

நார்வேயில் கிடைத்த பாடம்

நார்வே நாட்டின் ட்ரோண்ட்ஹைம் நகர மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 1991-ல் வெளியானது. பக்கவாதம் வந்த 220 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 110 பேர் வழக்கமான பொது வார்டில் சேர்க்கப்பட்டார்கள். மற்ற 110 பேர் பக்கவாதத்துக்கென்றே அமைத்த தனிப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆறு வாரம் கழித்துக் கணக்கெடுத்தபோது பொது வார்டில் 17.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தனிப் பிரிவில் இறந்தவர்கள் 7.3 சதவீதம். வீடு திரும்பியவர்கள் பொது வார்டில் 33 சதவீதம். தனிப் பிரிவில் 56 சதவீதம். பத்து ஆண்டுகள் கழித்தும் அதே நோயாளிகளைத் தேடிக் கணக்கெடுத்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள் என்பதால் இரு தரப்பிலும் பலர் காலமாகியிருந்தார்கள். ஆனாலும் தனிப் பிரிவில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உயிரோடு இருந்தார். பொது வார்டில் இருந்தவர்களில் எட்டில் ஒருவரே இருந்தார்.

இந்த ஆய்வு நடந்த காலத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பக்கவாதத்துக்குப் பயன்பாட்டில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தனிப் பிரிவில் அதிசய மருந்து எதுவும் தரப்படவில்லை. ஒரே நோயில் பழகிய மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் ஒரு குழுவாக, ஒரே முறைப்படி, முதல் நாளிலிருந்தே கவனித்தார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

பிற நாடுகளிலும் இதே ஆய்வுகள் நடந்தன. 2020-ல் 29 ஆய்வுகளை, ஏறத்தாழ 5,900 நோயாளிகளின் விவரங்களுடன் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பொது வார்டுக்குப் பதிலாகத் தனிப் பிரிவில் சிகிச்சை பெற்றால், ஒவ்வொரு 100 நோயாளிகளிலும் கூடுதலாக 2 பேர் உயிர் பிழைக்கிறார்கள். கூடுதலாக 6 பேர் வீட்டில் வாழும் நிலைக்குத் திரும்புகிறார்கள். கூடுதலாக 6 பேர் பிறர் துணையின்றித் தம் வேலைகளைச் செய்துகொள்கிறார்கள். இளையவர், முதியவர், ஆண், பெண், லேசான தாக்குதல், கடுமையான தாக்குதல், அடைப்பு, கசிவு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் இந்தப் பலன் இருந்தது.

"நூற்றுக்கு இரண்டு பேர்தானா?" என்று தோன்றலாம். ஊசியும் அறுவை சிகிச்சையும் ஒரு பகுதி நோயாளிகளுக்குத்தான் பொருந்தும். நல்ல பராமரிப்பு வந்து சேரும் அத்தனை பேருக்கும் பொருந்தும். அதனால் மொத்தத்தில் அது காப்பாற்றும் உயிர்கள் அதிகம்.

நோயாளி எதனால் இறக்கிறார்?

தாக்குதல் மிகக் கடுமையாக இருந்தால் மூளை வீங்கி முதல் சில நாட்களிலேயே உயிர் பிரியலாம். ஆனால் பலரை வீழ்த்துவது அதற்குப் பிறகு வரும் தடுக்கக்கூடிய சிக்கல்கள். நுரையீரல் தொற்று, காலில் ரத்தம் உறைதல், படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, கீழே விழுதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

நுரையீரல் தொற்றைப் பற்றி நம் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் சரியாக விழுங்க முடியாது. வாயில் விடும் தண்ணீரோ கஞ்சியோ இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சிலருக்கு இருமல்கூட வராது. இரண்டு நாளில் காய்ச்சல் வரும், நெஞ்சில் சளி கட்டும், நிமோனியாவாக மாறும். நல்ல பிரிவுகளில் விழுங்கும் சோதனை முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் மாத்திரையும் வாய்வழியாகத் தர மாட்டார்கள். தேவைப்பட்டால் மூக்கு வழியே குழாய் போட்டு உணவு செலுத்துவார்கள்.

நலம் விசாரிக்க வருகிறவர்கள் அன்பினால் ஒரு மிடறு ஜம்ஜம் தண்ணீரை வாயில் விடுவதை நானே பார்த்திருக்கிறேன். எண்ணம் நல்லதுதான். ஆனால் விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குப் போய்விடலாம். செவிலியரிடம் கேட்காமல் எதையும் வாயில் கொடுக்காதீர்கள். துஆ செய்யுங்கள், நோயாளிக்கு அதனால் எந்த இடையூறும் இல்லை.

காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றை மட்டும் ஒழுங்காகக் கவனித்தால் என்ன ஆகும் என்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆய்வு செய்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. 19 பக்கவாதப் பிரிவுகள் பங்கேற்றன. அவற்றில் ஒரு பகுதியில் செவிலியர்களுக்குத் தெளிவான நடைமுறையைக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் மூன்று நாட்கள் உடல் வெப்பத்தையும் சர்க்கரை அளவையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். கூடினால் உடனே மருந்து தர வேண்டும். ஒரு நாளுக்குள் விழுங்கும் சோதனை செய்ய வேண்டும். இவ்வளவுதான். 90 நாள் முடிவில், வழக்கமான முறையில் இயங்கிய பிரிவுகளில் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தார்கள். பயிற்சி பெற்ற பிரிவுகளில் அது 42 சதவீதம். தெர்மாமீட்டரும் குளுக்கோமீட்டரும் ஒரு கரண்டித் தண்ணீரும் செய்த வேலை இது.

செவிலியர் எண்ணிக்கையும் உயிரோடு தொடர்புடையது. இங்கிலாந்தில் 103 பக்கவாதப் பிரிவுகளில் சேர்ந்த 56,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2014-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வார இறுதியில் 10 படுக்கைகளுக்கு 3 பயிற்சி பெற்ற செவிலியர் இருந்த பிரிவுகளில், அந்நாட்களில் சேர்ந்தவர்கள் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 11.2 சதவீதம் என மதிப்பிடப்பட்டது. ஒன்றரை செவிலியர் என்ற விகிதத்தில் இருந்த பிரிவுகளில் அது 15.2 சதவீதம். மூத்த மருத்துவர் வாரத்தில் ஏழு நாளும் ரவுண்ட்ஸ் வந்தாரா இல்லையா என்பதால் அந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நாம் மருத்துவமனையைத் தேடும்போது "பெரிய டாக்டர் யார்?" என்று மட்டும் கேட்கிறோம். இரவு இரண்டு மணிக்கு வார்டில் எத்தனை செவிலியர் இருப்பார்கள் என்று கேட்பதில்லை.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி

அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1995-ல் வெளியானது. அடைப்பு ஏற்பட்ட 3 மணி நேரத்துக்குள் ஆல்டிப்ளேஸ் என்ற ஊசியைப் போட்டால், ஊனமின்றியோ மிகக் குறைந்த ஊனத்தோடோ மீளும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடுகிறது என்று அது காட்டியது. 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு இந்த வரம்பு நாலரை மணி நேரமாக நீட்டப்பட்டது.

இந்த ஊசியைப் பற்றி இரண்டு உண்மைகளைச் சேர்த்தே அறிய வேண்டும். ஒன்று, இது முக்கியமாக ஊனத்தைக் குறைக்கிறது. அந்த முதல் ஆய்வில் இறப்பு எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. இரண்டு, ஊசி பெற்ற 100 பேரில் சுமார் 6 பேருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. அதனால்தான் மருத்துவர் குடும்பத்தாரிடம் கையெழுத்துக் கேட்கிறார். அந்த நேரத்தில் "துபாயில் இருக்கும் மகனிடம் கேட்டுச் சொல்கிறோம்", "மச்சான் வரட்டும்" என்று தள்ளிப்போடுகிற குடும்பங்கள் உண்டு. பெரிய குழாய் அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். அரை மணி நேரக் கலந்தாலோசனைக்கு மூளை கொடுக்கும் விலையை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மருத்துவமனையின் தரத்தை இந்த இடத்தில் கடிகாரத்தாலேயே அளக்கலாம். நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து ஊசி போடும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது? பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998-ல் இதற்கு 105 நிமிடம் ஆனது. 2011-ல் அதை 20 நிமிடமாகக் குறைத்தார்கள். புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆம்புலன்ஸில் இருந்தே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார்கள். நோயாளி வருவதற்கு முன்பே பழைய நோய் விவரங்களைப் பார்த்து வைத்தார்கள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் மேசையிலேயே ஊசி போட்டார்கள்.

பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் ஊசி மட்டும் போதாமல் போகலாம். தொடை அல்லது மணிக்கட்டுக் குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை இருக்கிறது. த்ராம்பெக்டமி என்பார்கள். 2015-ல் வெளியான ஐந்து ஆய்வுகள் இதன் பலனை உறுதி செய்தன. தகுந்தவர்களுக்குச் செய்தால் ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவருக்கு ஊனத்தின் அளவு குறைகிறது. 2018-ல் வந்த ஆய்வுகளின்படி, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி மீதமிருப்பதாகத் தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம்வரைகூட இதைச் செய்யலாம். "நேரம் கடந்துவிட்டது, இனிப் போய்ப் பயனில்லை" என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மூளை வீங்கும் கடுமையான நிலையில் மண்டையோட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. 60 வயதுக்கு உட்பட்டவர்களிடம் 48 மணி நேரத்துக்குள் செய்தபோது, ஓராண்டில் 78 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். செய்யாதவர்களில் 29 சதவீதம் பேரே உயிரோடு இருந்தார்கள். 2007-ல் மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன முடிவு இது. ஆனால் பிழைத்தவர்களில் பலர் ஊனத்தோடு வாழ்ந்தார்கள். மருத்துவர் இதைப் பற்றிப் பேச அழைத்தால், உயிர், ஊனம் இரண்டைப் பற்றியும் வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

லண்டனும் மான்செஸ்டரும்

இனி, "பக்கத்து மருத்துவமனை" என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு இங்கிலாந்தின் இரண்டு நகரங்கள் ஒரே ஆண்டில் எடுத்த முடிவுகள் தெளிவான விடை தருகின்றன.

2010-க்கு முன்பு லண்டனில் சுமார் 30 மருத்துவமனைகள் பக்கவாத நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டன. தரம் இடத்துக்கு இடம் மாறுபட்டது. 2010-ல் இதை அடியோடு மாற்றினார்கள். 24 மணி நேரமும் ஸ்கேனும் சிறப்பு மருத்துவரும் போதிய செவிலியரும் உள்ள 8 மையங்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். பக்கவாத அறிகுறி உள்ள ஒவ்வொருவரையும், வழியில் வேறு மருத்துவமனை இருந்தாலும் அதைத் தாண்டி, இந்த 8 இடங்களில் ஒன்றுக்கே கொண்டுசெல்ல வேண்டும் என்று ஆம்புலன்ஸ்களுக்கு உத்தரவிட்டார்கள். "வழியிலேயே இறந்துவிட்டால்?" என்ற அச்சம் மக்களுக்கு இருக்கத்தான் செய்தது.

அதே ஆண்டில் மான்செஸ்டர் பகுதியிலும் மாற்றம் வந்தது. ஆனால் அறிகுறி தோன்றி 4 மணி நேரத்துக்குள் வந்தவர்களை மட்டுமே சிறப்பு மையத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல அருகிலுள்ள மருத்துவமனைக்கே போனார்கள்.

2014-ல் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். நாட்டின் பிற பகுதிகளில் ஏற்பட்டுவந்த முன்னேற்றத்தைக் கழித்த பிறகும், லண்டனில் 90 நாள் இறப்பு விகிதம் கூடுதலாக 1.1 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. மாற்றத்துக்குப் பிந்தைய 21 மாதங்களில் 168 உயிர்கள் காக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். மான்செஸ்டரில் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பிறகு 2015-ல் மான்செஸ்டரும் எல்லா நோயாளிகளையும் சிறப்பு மையங்களுக்கு அனுப்பும் முறைக்கு மாறியது.

பத்து நிமிடம் கூடுதலாகப் பயணித்தாலும், ஆயத்தமாக இருக்கும் இடத்துக்கு நேராகப் போவது நல்லது. ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போய், அங்கே ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, பிறகு வேறு இடத்துக்கு மாற்றுவதில் மணிக்கணக்கில் நேரம் போய்விடும்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

நம் நாட்டில் எல்லா ஊர்களிலும் லண்டன் போன்ற ஏற்பாடு இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் அடிப்படையை ஒவ்வொரு ஊரும் பின்பற்றலாம். நம் ஊர்கள் பலவற்றில் ஜமாஅத்துகளும் அமைப்புகளும் சொந்தமாக ஆம்புலன்ஸ் நடத்துகின்றன. இரவு எத்தனை மணிக்கு அழைத்தாலும் ஓடி வருகிறார்கள். ஆனால் பக்கவாதம் என்றால் எங்கே போவது என்று அந்த ஓட்டுநருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? பெரும்பாலும் வண்டியில் ஏறிய பிறகுதான் "எங்கே போறது?" என்ற பேச்சே தொடங்குகிறது.

நிர்வாகத்தில் உள்ளவர்கள் ஒரு நாளை ஒதுக்கி, ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கும் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்றோ போன் செய்தோ கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதி வைக்கலாம்:

1. சி.டி. ஸ்கேன் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உடனே எடுப்பார்களா?
2. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி எப்போதும் கையிருப்பில் உள்ளதா? அதைப் போட முடிவெடுக்கும் மருத்துவர் இரவில் கிடைப்பாரா?
3. பக்கவாதத்துக்குத் தனிப் பிரிவோ, குறைந்தது தனியாக ஒதுக்கிய படுக்கைகளோ உள்ளனவா?
4. வாய்வழி உணவு தருவதற்கு முன் விழுங்கும் சோதனை செய்கிறார்களா?
5. இரவில் வார்டில் எத்தனை செவிலியர் இருப்பார்கள்?
6. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்குமா?
7. கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை அங்கேயே உண்டா? இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள்?

விடைகளை ஒரு தாளில் எழுதி ஆம்புலன்ஸிலும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடலாம். இந்தப் பட்டியலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைக் கண்டிப்பாகச் சேருங்கள். தமிழ்நாட்டில் அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் ஒரு பிரிவாக இருக்கிறது. பளபளப்பான கட்டடம் என்பதற்காகத் தனியாரிடம் போய், ஊசியின் விலையைக் கேட்டுத் திகைத்து நிற்பதைவிட, எந்த அரசு மருத்துவமனையில் எந்த வசதி இருக்கிறது என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆகிய இலவச ஆம்புலன்ஸ் எண்களை வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள்.

அறிகுறி தெரிந்தவுடன்

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள். திடீரென்று பார்வை மங்குவதும், நிலை தடுமாறுவதும், இதுவரை அறியாத கடும் தலைவலியும் அறிகுறிகளே.

கிளம்பும்போது மணியைப் பாருங்கள். நோயாளி கடைசியாக நலமாக இருந்தது எப்போது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. சுபுஹுக்கு எழுந்தபோது கை விழுந்திருந்தால், இரவு எத்தனை மணிக்கு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளையும், காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சோடா, காபி, தண்ணீர் எதுவும் வேண்டாம்.

புறா ரத்தம் தடவினால் வாதம் இறங்கும் என்று சொல்லி நேரத்தைக் கடத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதில் பலன் இல்லை. ரத்தம் நஜீஸ் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில நிமிடங்களில் அறிகுறி தானாகச் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். அடுத்த சில நாட்களில்தான் ஆபத்து அதிகம்.

வீட்டுக்கு வந்த பிறகு

மருத்துவமனையின் தரம் வாசலோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டுக்கு அனுப்பும் முன் என்னென்ன பயிற்சி, யார் தருவார், அடுத்து எப்போது வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். "வீட்டார் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்று பிசியோதெரபியை நிறுத்திவிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. குடும்பத்தாருக்குச் சிறிது பயிற்சி தந்து அவர்களையே உடற்பயிற்சி அளிக்கச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை; இரு தரப்பிலும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தார்கள். அன்பு அவசியம்தான். ஆனால் பயிற்சி பெற்றவரின் இடத்தை அது நிரப்பாது.

அதேபோல அவசரமும் வேண்டாம். முதல் 24 மணி நேரத்திலேயே நோயாளியை அதிகமாக எழுப்பி நடக்கவைத்தால் நல்லதா என்று 2,100-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆராய்ந்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். நன்றாக மீண்டவர்கள் அதில் குறைவாகவே இருந்தார்கள். எப்போது எழுந்து நிற்கலாம் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். நின்று தொழ வேண்டும் என்று ஆசைப்படும் வாப்பாவை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து நிறுத்தி, கீழே விழச் செய்துவிடாதீர்கள். உட்கார்ந்தோ, படுத்தபடி சைகையாலோ தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது.

ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை "இப்போதுதான் நன்றாக இருக்கிறதே" என்று நிறுத்தக் கூடாது. ரமளானில் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிட்டு நோன்பு வைக்கும் பெரியவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நாற்பது வயதில் கடையில் உட்கார்ந்திருந்தவரும், பேரனை மதரஸாவுக்கு அனுப்பிவிட்டு வந்து அமர்ந்த உம்மாவும் ஒரே நொடியில் விழுந்துவிடுகிறார்கள். உயிர் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. எந்த வாசலுக்கு, எத்தனை மணிக்குக் கொண்டுபோனோம் என்பது நம் பொறுப்பில் இருக்கிறது. மேலே உள்ள ஏழு கேள்விகளை இந்த வாரமே உங்கள் ஊரில் யாராவது ஒருவர் கேட்டு எழுதி வைத்துவிட்டால், அடுத்து விழப்போகும் ஒருவருக்கு அது உதவும்.